தென்கடலிற் பனித்தீவுகள்

இலங்கையின் தென்கோடி தேவேந்திரமுனை. தொண்டேசுவரம் என்னும் பெருங்கோயில் விளங்கிய இடம் அது. 1588ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் அதனை இடித்தழித்தனர். அம்முனையிலிருந்து நேர் தெற்கே கப்பல் செலுத்துவோர் அந்தாட்டிக்காக் கண்டத்தின் பனிக்கரையை அடையும்வரை ஒரு பிடி மண்ணையும் காணார். நீர், நீருக்கு அப்பாலும் நீர். ஆயினும் தமிழ் படித்தவர்க்கு அது வெறுந்திசை அன்று. தென்புலத்தார் என்று நாம் போற்றும் முன்னோர் உறைவது அத்திசை. நமன் காவல் புரிவது அத்திசை. பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுண்டு மறைந்தனவாக நூல்கள் கூறுவதும் அத்திசையே.

இறையனார் அகப்பொருளுரையைப் படிப்பிக்கும் ஆசிரியர் எவரும் ஒரு கேள்விக்குத் தப்ப முடியாது. தென்மதுரையிலே தலைச்சங்கம் 4440 ஆண்டு நிலவிற்று, கபாடபுரத்தில் இடைச்சங்கம் 3700 ஆண்டு நிலவிற்று என்று சொல்லி முடிப்பதற்குள் பின்வாங்கில் இருக்கும் மாணவன் எழுந்துவிடுவான்: “ஐயா, அந்த நிலம் இப்போது எங்கே?” முன்னெல்லாம் இலெமூரியா என்று ஒரு சொல்லைக் கூறி அவனை இருத்திவிடலாம். இக்காலத்து மாணவர் கெட்டிக்காரர். இந்து சமுத்திரத்தின் தென்பாலில் மூழ்கிக் கிடக்கும் நிலமொன்றைக் கப்பலிற் சென்று துளைத்தே கண்டிருக்கிறார்களாமே, அதன் முடிமேல் இன்றும் தீவுகள் நிற்கின்றனவாமே என்று கேட்கிறார்கள். அவர்கள் கேள்விப்பட்டது மெய்தான். அத்தீவுக் கூட்டத்துக்குக் கேர்கெலன் என்று பெயர். அது நம் குமரியாகுமா என்பதைப் பின்னர் ஆராய்வோம். அது எத்தன்மையது என்பதை முதலில் அறிதல் முறை. நிலத்தைக் காணுமுன்னே அதற்குப் பெயர்சூட்டி எல்லையும் வகுத்துவிடும் வழக்கம் நம்மிடையே சற்று மிகுதி.

தென் அகலாங்கு 49 பாகை, கிழக்கு நெட்டாங்கு 70 பாகை என்பது அதன் இருப்பிடம். கொழும்பிலிருந்து ஆறாயிரம் கிலோமீற்றருக்கு மேல். தேவேந்திரமுனையின் நேர்கோட்டிற்குச் சற்று மேற்கே. பெரியனவும் சிறியனவுமாக ஏறக்குறைய 300 தீவுகளும் பாறைத் திட்டுகளும் அங்கே சிதறிக் கிடக்கின்றன. மொத்தப் பரப்பு 7215 சதுர கிலோமீற்றர். நம் வட மாகாணத்திலும் சற்றுச் சிறிது. இதிற் பெருநிலம் எனப்படும் ஒரு தீவே 6675 சதுர கிலோமீற்றரைக் கொண்டுவிடுகிறது. முற்காலத்துப் பனியாறுகள் அறுத்த பள்ளத்தாக்குகளிற் கடல் புகுந்து நெடுந்தூரம் உள்ளோடுவதால், பெருந்தீவின் எவ்விடத்தில் நின்றாலும் ஏறக்குறைய இருபது கிலோமீற்றருக்குள் உப்புநீரைக் காணலாம். பாறையெல்லாம் எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல். படிப்படியாக அடுக்கிவைத்தாற்போன்ற மலைச்சரிவுகள். மிக உயர்ந்த சிகரம் றொஸ் மலை. அதன் உயரம் 1850 மீற்றர். நுவரெலியா நகரம் அமைந்திருப்பதும் ஏறக்குறைய அதே உயரத்திலேதான். நுவரெலியாவில் நாம் குதிரைப் பந்தயம் பார்க்கிறோம். றொஸ் மலையின் உச்சியை மனிதர் முதன்முதல் மிதித்தது 1975ஆம் ஆண்டில்.

நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகையளவு. அதற்கே கம்பளிச் சட்டை தேடுகிறோம். கேர்கெலனில் அது ஐந்து பாகையை எட்டுவதில்லை. குளிர்ந்த மாதத்திற் சராசரி இரண்டு பாகை, வெப்பம் மிக்க மாதத்தில் எட்டுப் பாகை. அங்கே கோடை என்பது ஒரு பேச்சுக்கு மட்டுமே. பாரிஸ் மாநகரம் வட அகலாங்கில் எவ்வளவு தூரத்திலுள்ளதோ ஏறக்குறைய அவ்வளவு தூரத்திலேதான் இத்தீவுகள் தென் அகலாங்கில் உள்ளன. அங்கே திராட்சை பழுக்கிறது, இங்கே ஒரு மரந்தானும் இல்லை. ஐரோப்பாவுக்கு வெந்நீரோட்டம் துணை. கேர்கெலனைச் சுற்றியோடுவதோ அந்தாட்டிக்கின் குளிர்நீர். அன்றியும் அந்த அகலாங்கில் உலகைச் சுற்றி நிலம் மிக அரிது. காற்றைத் தடுத்து நிறுத்த மலையுமில்லை, கானமுமில்லை. மேற்கிலிருந்து வரும் காற்று உலகத்தை வலம்வந்து மீண்டும் அதே பாறைகளில் மோதுகிறது. மணிக்கு 35 கிலோமீற்றர் என்பது அதன் நாளாந்தச் சராசரி. 150 கிலோமீற்றர் வேகச் சூறையும் அங்கே வியப்பன்று. பாய்க்கப்பற் காலத்து மாலுமிகள் அந்த அகலாங்குகளை முழங்கும் நாற்பதுகள் என்றும் சீறும் ஐம்பதுகள் என்றும் அழைத்தனர்.

மழையின் அளவைக் கேட்டால் யாழ்ப்பாணத்தார் ஏமாறுவர். கீழ்க்கரையிலுள்ள குடியிருப்பில் ஆண்டுக்கு 700 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். யாழ்ப்பாணத்தில் இதனிலும் மிகுதியாகப் பெய்கிறது. நம்மூரிற் பெரும்பகுதி மூன்று மாதத்திற் கொட்டித் தீர்ந்துவிடும். அங்கேயோ அது முந்நூறு நாள்வரை தூறலாகவும் பனியாகவும் ஆலங்கட்டியாகவும் பக்கவாட்டிற் பறந்து வருகிறது. மலைகளின் மேற்புறத்திற் பொழிவு இதன் பலமடங்கு. 1840ஆம் ஆண்டு ஜேம்ஸ் றொஸ் என்னும் ஆங்கிலக் கடலோடி தம் இரு கப்பல்களோடு அங்கே 68 நாள் தங்கினார். அவற்றுள் 45 நாள் புயல் வீசியதாகவும், மழையோ பனியோ விழாத நாள் மூன்றே எனவும் எழுதிவைத்துள்ளார். நற்றிசம்பர்ப் பூரிப்பை விட்டு ஆடிமாதத்தைப் பழிக்கும் நாம் இந்தக் கணக்கைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

காற்றின் பெயர்களில் ஒரு வேடிக்கை உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று நம் முன்னோர் வகுத்தனர். ஈழத்து மீனவர் கச்சான் என்றும் சோளகம் என்றும் மேலும் இரண்டு பெயர் வைத்துள்ளனர். இப்பெயர்களைக் கேர்கெலனுக்குக் கொண்டுசென்றால் யாவும் தலைகீழாகிவிடும். அங்கே எலும்பை உறையச் செய்வது தென்றல்! சற்று இதமாக வருவது வாடை. உயிரை வாங்கும் மேல்காற்றுக்குக் கோடை என்றே பெயர் சொல்லவேண்டிவரும். தலைவியைப் பிரிந்த தலைவன் அத்தீவிற் பாசறை அமைத்திருப்பானாயின் நம் அகப்பாடல்கள் வேறொரு வகையாய் அமைந்திருக்கும். திணை வகுப்பதிலும் இடர்ப்பாடு உண்டு. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் நெறி. ஆயின் அத்திரிபு வெயிலால் வருவது. பனியாற் பாலையான நிலத்துக்கு இலக்கணம் வகுக்க நம்மவர்க்கு நேர்ந்ததில்லை.

எனினும் அக்காற்றுக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று கொள்ளற்க. தென்னிந்து சமுத்திரத்தில் முப்பது பாகை அகலாங்கையடுத்து ஓர் உயரமுக்கப் பகுதி நிலைபெற்றிருக்கிறது. அதன் தென்விளிம்பில் ஓடுவதே கேர்கெலனைத் தாக்கும் மேல்காற்று. அதன் வடவிளிம்பிலிருந்து புறப்படும் காற்று தென்கிழக்காக வந்து, நடுக்கோட்டைத் தாண்டியவுடன் திசை திரும்பித் தென்மேல் பருவக்காற்றாகிறது. வைகாசியிற் களுபோவிலைத் தென்னைகளைக் கிழக்கே வளைத்து, எங்கள் ஓட்டுக்கூரைகளைத் தட்டிப் பார்க்கும் காற்று இதுவே. ஒரு சக்கரத்தின் இரு விளிம்புகள் எனலாம்.

இனி, அத்தீவுகளுக்குப் பெயர் தந்தவன் கதை. மாணவர்க்கு யான் விரிவாகச் சொல்வது இதனையே.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் புலவர் பலர் ஓர் எண்ணத்திற் பிடிவாதமாக இருந்தனர். வடபாதியில் இத்துணை நிலம் இருத்தலின், உலகம் சமன்படத் தென்பாதியிலும் ஒரு பெருங்கண்டம் இருந்தே தீரவேண்டும்; அது வளமுடையதாகவும் இருக்கவேண்டும் என்பது அவர் துணிபு. கண்டவர் எவருமில்லை. ஆயின் நிலப்படத்தில் அதனை வரைந்துவிட்டனர். பதினைந்தாம் லூயி மன்னன் அதனைக் கண்டுவருமாறு இவ் யோசேப் த கேர்கெலன் என்னும் கடற்படை அதிகாரியை அனுப்பினான். மொறீசியஸ் தீவிலிருந்து இரு கப்பல்களோடு புறப்பட்ட அவன், 1772ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள் மூடுபனியினூடே நிலம் கண்டான். தான் கரையிறங்கவில்லை. மற்றைக் கப்பலைச் சேர்ந்த ஓர் அதிகாரியே இறங்கி அரசன் பெயரால் அந்நிலத்தை உரிமை கொண்டான். காற்றாற் பிரிக்கப்பட்ட அத்துணைக் கப்பலை அங்கேயே விட்டுவிட்டுக் கேர்கெலன் விரைந்து நாடு திரும்பினான்.

திரும்பியவன் மன்னனிடம் என்ன சொன்னான்? தென் பிரான்சு ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்றான். பயிர் விளையும், மரம் கிடைக்கும், கனிப்பொருளும் மணிக்கற்களும் கிடைத்தல் கூடும் என்றான். கண்டது மூடுபனிக்குள் ஒரு கருங்கரை. சொன்னதோ ஒரு நாடு. அவனை முழுப் பொய்யன் என்று யான் கருதவில்லை. காணவேண்டும் என்று விரும்பியதைக் கண்டதாகவே அவன் நம்பியிருக்கலாம். நம்பிக்கைக்குக் கண் மிகக் கூர்மை. மன்னன் மகிழ்ந்து மூன்று கப்பல்களையும் பெருந்தொகை ஆட்களையும் தந்து மீண்டும் அனுப்பினான். 1773ஆம் ஆண்டு இறுதியில் அத்தீவுகளை மறுபடி அடைந்தபோது மெய் வெளிப்பட்டது. வயல் இல்லை, மரம் இல்லை, மணி இல்லை. அம்முறையும் அவன் கால் அம்மண்ணிற் படவில்லை. 1774 ஜனவரியில் வேறோர் அதிகாரி இறங்கி, உரிமைச் சாசனம் எழுதிய தோலை ஒரு போத்தலில் அடைத்து வைத்துவிட்டு வந்தார். நாடு திரும்பியபோது அனுப்பிய மன்னன் உயிரோடில்லை. 1775இற் படை நீதிமன்றம் கேர்கெலனைக் குற்றவாளி எனத் தீர்த்துச் சிறையிலிட்டது, 1778இல் விடுதலையானான்.

அந்தப் போத்தலைக் கண்டெடுத்தவர் ஜேம்ஸ் குக்கின் ஆட்கள். 1776ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகையையொட்டி அங்கே நங்கூரமிட்ட குக், தோலின் மறுபுறத்தில் தம் வரவையும் எழுதி, ஒரு சிறு வெள்ளி நாணயத்தையும் சேர்த்து அடைத்துத் திரும்ப வைத்தார். அந்நிலத்தின் வறுமைக்குப் பாழ்த்தீவு என்ற பெயரே தகும் எனினும், கண்டவனின் பெயரைப் பறிக்க மனமில்லை என்ற கருத்தைத் தம் நூலிற் குறித்துள்ளார். குக் கேர்கெலனைப் போலக் கற்பனை செய்தாரல்லர். கரையை அளந்தார், ஆழம் பார்த்தார், புல்லை எண்ணினார். ஒரே நிலத்தை இருவர் கண்டனர், வேறுபாடு இதுதான்.

குக்கின் கப்பல் மருத்துவர் அண்டர்சன் அங்கே ஒரு கோவாச் செடியைக் கண்டார். நம் சந்தைக் கோவாவுக்கு அது உறவுமுறை. நெடுங்கடற் பயணத்திற் பல்லீறு வீங்கிக் குருதி கசிந்து மாலுமிகள் மடியும் நோய்க்கு அதன் இலை மருந்தாயிற்று. 1840இல் றொஸ்ஸோடு வந்த இளம் மருத்துவர் ஜோசப் ஹூக்கர் அதனை விரிவாக ஆராய்ந்தார். தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் இல்லாத அத்தீவில் இச்செடியின் மகரந்தத்தைக் காற்றே சுமக்கிறது. அங்குள்ள ஈயும் அந்துப்பூச்சியும் சிறகிழந்து நடந்து திரிகின்றன. பறந்தவற்றைக் காற்று கடலிற் சேர்த்துவிடும் போலும். அத்தீவுகளுக்கு இயல்பாக உரிய செடிவகைகள், பன்னங்களையும் சேர்த்து, ஏறக்குறைய முப்பதே. இந்த ஹூக்கரே பிற்காலத்திற் பிரித்தானிய இந்தியாவின் தாவரநூலை ஏழு பாகமாக வெளியிட்டார். பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த திறைமன் இலங்கைத் தாவரநூலை முடிக்குமுன்னே 1896இற் காலமானபோது, எஞ்சிய பாகங்களை எழுதி நிறைவேற்றியவரும் அவரே. முப்பது செடியுள்ள தீவையும் மூவாயிரம் செடியுள்ள தீவையும் ஒருவரே எண்ணி முடித்தார்.

றொஸ்ஸின் ஆட்கள் கண்ட இன்னொன்றும் உண்டு. மரமே இல்லாத அந்நிலத்தின் எரிமலைப் பாறைகளுக்கிடையே கல்லாய்ச் சமைந்த மரத்துண்டுகளும் நிலக்கரிப் படலமும் கிடைத்தன. முன்னொரு காலத்தில் அங்கே காடு இருந்தது என்பதற்கு அவை சாட்சி. இதனை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டும்.

அதன் பின்னைய வரலாறு பெரும்பாலும் கொலைக் கணக்கு. கேர்கெலன் சிறையிலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளிலேயே தோலுக்கும் எண்ணெய்க்குமாகக் கடற்சிங்கம் வேட்டையாடுவோர் அமெரிக்காவிலிருந்து வந்தனர். ஒரு நூற்றாண்டுக்குள் கரையெல்லாம் வெறுமையாயிற்று. 1908இல் நோர்வே நாட்டார் திமிங்கில எண்ணெய் காய்ச்சும் ஆலையொன்றை அமைத்துச் சில காலத்திற் கைவிட்டனர். பிரான்சு 1893இல் தன் உரிமையை மீண்டும் நிலைநாட்டிப் பொசியேர் சகோதரர்க்கு ஐம்பதாண்டுக் குத்தகை கொடுத்தது. அவர்கள் ஆடு வளர்க்கக் குடும்பங்களைக் கொண்டுவந்து இருத்திய முயற்சி 1931இல் முடிந்தது. சிலர் புதைகுழிகளே எஞ்சின. இரண்டாம் உலகப் போரில், 1940 டிசம்பரில், நம் கடல்களிற் கப்பல்களை அழித்துத் திரிந்த அத்லாந்திசு என்னும் ஜேர்மன் போர்க்கப்பல் அங்கே ஒளிந்திருந்து நன்னீர் ஏற்றிக்கொண்டது. 1950ஆம் ஆண்டளவில் நிலையான ஆராய்ச்சிக் குடியிருப்பு ஏற்பட்டது. மாரியில் ஐம்பது பேர்கூட இரார். கோடையில் நூறு பேரளவு. அங்கே பிறந்து வளர்ந்த குடிகள் எவருமிலர்.

1874ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாளை மட்டும் விட்டுச்செல்ல மனம் வரவில்லை. அன்று வெள்ளிக்கோள் சூரியனைக் குறுக்கே கடந்தது. சூரியன் எவ்வளவு தொலைவிலுள்ளது என்று கணிக்க ஆங்கிலேயரும் ஜேர்மனியரும் அமெரிக்கரும் கேர்கெலனிற் பாடியமைத்துக் காத்திருந்தனர். ஆங்கிலக் குழுவுக்கு ஸ்ரீபன் பெரி என்னும் இயேசுசபைக் குரவர் தலைவர். அதே நிகழ்ச்சியை நம் மக்களுக்கு விளக்கச் சென்னை வானாராய்ச்சி நிலையத்துச் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் அவ்வாண்டிலே ஒரு சிறுநூல் எழுதி இந்திய மொழிகளிலும் வழங்கச் செய்தார். திருக்கணித முறைக்குப் பாடுபட்ட பெருமகன் அவர். வானத்தை அளக்க வந்த அக்குழுவினர் உணவுக்காக முயல்களை அத்தீவில் விட்டுச்சென்றனர். முயல் பெருகிற்று, கோவா அழிந்தது. பின்னர் 1950களில் வந்த பூனைகளின் வழித்தோன்றல்கள் கடற்பறவைகளைத் தின்று பெருகின. இப்போது பனியும் குறைகிறது. மேற்கிலுள்ள குக் பனித்திடல் 1963இல் ஏறக்குறைய 500 சதுர கிலோமீற்றராயிருந்து 2001இல் 400 அளவுக்குச் சுருங்கிவிட்டது. 2019இல் அத்தீவுகளும் சூழ்கடலும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

இன்று அவற்றின் நிர்வாகத் தலைமையகம் றியூனியன் தீவின் சென்-பியர் நகரில் உள்ளது. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் வாழும் தீவு அது. அந்நகரிலும் நம்மவர் கோயில் உண்டு. தீமிதி நடக்கும் தீவிலிருந்தே பனித்தீவுக்குக் கப்பல் புறப்படுகிறது.

மாணவன் கேட்ட கேள்விக்கு வருவோம்.

கேர்கெலன் தீவுகள் கடலடியிற் பரந்து கிடக்கும் ஒரு மாபெரும் மேட்டுநிலத்தின் முடிகள். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் நீளும் அம்மேட்டை 1998–99இல் ஆராய்ச்சிக் கப்பலொன்று சென்று துளைத்தது. கடலடியிலிருந்து மண்ணும் மரத்துண்டும் கரியும் வெளிவந்தன. அந்நிலத்தின் பெரும்பகுதிகள் ஒருகாலத்திற் கடலுக்கு மேலே காடடர்ந்து நின்றன, பின்னர் மூழ்கின. இவ்வளவும் ஐயத்துக்கிடமின்றித் தெளிந்தவை. இதனைப் படித்த நண்பரொருவர் என்னிடம் ஓடிவந்து, அடியார்க்குநல்லார் குமரிநாட்டை 49 நாடு என்றார், தீவுகளும் 49ஆம் பாகையில் இருக்கின்றன, இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்று கேட்டார். அகலாங்கை எண்ணத் தொடங்கியவர் கிரேக்கர். நம் உரையாசிரியர் தலையில் அதை ஏற்றுவது பழியாகும் என்று மட்டும் சொன்னேன்.

காரணம் இது. அம்மேட்டின் கடைசிப் பகுதிகளும் மூழ்கி ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகள் ஆகின்றன. மனித குலம் தோன்றியோ சில இலட்சம் ஆண்டுகளே ஆயின. சங்கம் இருத்தற்குப் புலவர் வேண்டும். இலெமூரியா என்பதும் நம் நூல்வழக்கு அன்று; 1864இல் ஸ்கிளேற்றர் என்னும் விலங்கியலார், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் காணப்படுதற்குக் காரணம் தேடிக் கட்டிய பெயர் அது. கண்டங்கள் நகர்கின்றன என்பது தெளிந்தபின் அப்பெயருக்குத் தேவை ஒழிந்தது. குமரிகண்டம் என்னும் தொடர் நம் கந்தபுராணத்துள் வருகிறது. ஆயின் கச்சியப்பர் கூறுவது பரத கண்டத்தின் ஒன்பது பகுதிகளுள் ஒன்றை. தென்கடலில் மூழ்கிய கண்டத்தை அவர் கூறினாரல்லர்.

அங்ஙனமாயின் கடல்கோட் செய்தி பொய்யா? அப்படியும் யான் சொல்லேன். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையினும் 120 மீற்றரளவு தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அக்காலத்தில் நிலம். ஏறக்குறைய 7000 ஆண்டுகளுக்கு முன்வரை தமிழகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நடந்தே வரலாம். அந்நிலத்தை மெல்ல மெல்லக் கடல் கொண்டது. அதனைக் கண்ட மக்கள் இருந்தனர். பின்னரும் கரையூர்களை அலை விழுங்கியதுண்டு. 1964இல் தனுஷ்கோடியும் 2004 டிசம்பர் 26இல் நம் கீழ்க்கரையும் பட்டதை நாம் அறிவோம். நிலமிழந்தவர் நினைவு தலைமுறைதோறும் வளரும். வளர்ந்ததைப் புலவர் பாடினர், உரையாசிரியர் கணக்கிட்டனர். இந்நினைவைக் காப்பாற்றுவதற்குப் பனிப்பாறையைச் சாட்சிக்கு அழைக்கவேண்டியதில்லை. அழைத்தால் வழக்குத் தோற்கும். இளங்கோவடிகளையும் பொய்ச்சாட்சி சொன்னவராக்கி நாமே நகைப்புக்கிடமாக்குவோம்.

கேர்கெலனுக்கும் நமக்கும் உறவே இல்லை என்று இதனாற் கொள்ளவேண்டா. உறவு உண்டு, அது மொழியால் வந்ததன்று, கல்லால் வந்தது. இலங்கையும் இந்தியாவும் அந்தாட்டிக்காவும் ஒட்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. அவை பிளந்தபோது பூமியின் உள்ளிருந்து பீறிட்ட எரிகுழம்பே கேர்கெலன் மேட்டை ஆக்கிற்று. கங்கை வளையும் இடத்திலுள்ள இராசமகால் மலைகளை ஏறக்குறைய 11 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பெய்ததும், இந்தியா வடக்கே நகர்ந்தபோது அதன் சுவடாக இலங்கைக்குக் கிழக்கே கடலடியில் ஏறக்குறைய 5000 கிலோமீற்றர் நீளும் தொண்ணூறாம் பாகை மலைத்தொடரை எழுப்பியதும் அதே ஊற்று.

அம்மேட்டின் மேற்குப் பக்கத்தில் ஏலான் திட்டு என்றொரு பகுதி உண்டு. அங்கே ஆயிரம் மீற்றர் நீருக்கடியிற் துளைத்தபோது, எரிமலைப் பாறையல்லாத வேறு கற்கள் கிடைத்தன. இந்தியாவின் கீழ்க்கரைப் பாறைகளோடு ஒப்பவை. இந்தியா பிரிந்து சென்றபோது பின்தங்கிய துண்டு அது என்பர் புவிச்சரிதவியலார். அக்கற்கள் உருண்டு மழுங்கிய கூழாங்கற்கள். ஓர் ஆறு அவற்றை உருட்டிக் கொணர்ந்திருக்கிறது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஓடிய அந்த ஆற்றுக்குப் பெயரில்லை. பெயர் வைக்க அன்று எவருமில்லை. அவற்றுட் சிலவற்றில், நம் இரத்தினபுரிக் குழிகளிற் காண்பது போன்ற சிவந்த செம்மணிக் கற்றுகள்கள் பொதிந்திருந்தன. மன்னனுக்குக் கேர்கெலன் சொன்ன மணிகள் அவைதாம் போலும், கடுகிலும் சிறியவை.